லாரிக் காற்றில் ஆறும் இரும்பு

கஞ்சிக்கோட்டில் ஒரு வார்ப்பட ஆலையில் பயிற்சி எஞ்சினியராகச் சேர்ந்த வருடம், என் மூளையைப் பற்றி எனக்கு மிக உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது. வேறு யாருக்கும் இல்லை. வருடக் கடைசியில் வேலையை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பது மேனேஜர் கையில். அவருக்கோ ஒரே கவலை: வார்த்தெடுத்த எஃகு வளையங்கள், ஆறுவதற்காக ஒரு நாள் முழுக்க முற்றத்தில் சும்மா கிடக்கின்றன.

"ஆறாம அனுப்ப முடியுமா, முடியாதா? ஒத்த வரியில சொல்லப்பா," என்றார்.

நான் ஒரு பக்கம் எழுதினேன். ஒரு திடப்பொருள் ஆறுவதை முறையாகக் கணக்கிட வேண்டுமென்றால், அதன் உள்ளே ஒவ்வொரு புள்ளியிலும் ஒவ்வொரு நொடியும் எவ்வளவு சூடு என்று பார்க்க வேண்டும். மண்டை காய்ந்துவிடும். என்னைப் போன்ற சோம்பேறிகளுக்காகவே லம்ப்டு மாடல் என்று ஒன்று இருக்கிறது. வெளிக்காற்று சூட்டை வாங்கிக்கொள்ளும் வேகத்தைவிட உள்ளே சூடு பரவும் வேகம் மிக அதிகம் என்றால், மொத்தப் பொருளுக்கும் ஒரே வெப்பநிலை என்று வைத்துக்கொள்ளலாம். கணக்கு மூன்று வரியில் முடிந்துவிடும். எங்கள் வளையம் மெல்லியது, பொருந்திவிட்டது.

அதற்குமேல் ஒரு சாமர்த்தியம் செய்தேன். முற்றத்தில் ஏன் ஆற வேண்டும்? லாரி ஓடினால் காற்று வேகமாக அடிக்கும். கோயம்புத்தூர் லேத் பட்டறைக்குப் போய்ச் சேர்வதற்குள் வளையங்களைக் கையால் தொடலாம் என்று கணக்கு சொன்னது. மேனேஜர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது மட்டும் நடந்துச்சுன்னா, உன் பர்மனென்ட் ஆர்டர்ல நானே கையெழுத்துப் போடறேன்."

லாரி டிரைவர் வேலந்தாவளத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். வளையங்களை ஏற்றும்போதே அனல் முகத்தில் அடித்தது.

"ஏனுங்க சார், அடுப்புல இருந்து அப்படியே எடுத்துக் குடுக்கறீங்களே, வண்டி தாங்குமுங்களா?"

கீழே தகடு போட்டிருக்கிறது, போகப் போக ஆறிவிடும் என்றேன். வண்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. டிரைவருக்கு எதற்குச் சமன்பாடு என்ற கொழுப்பு.

வாளையாரில் முன்னால் ஏதோ வண்டி கவிழ்ந்து, சாலை அடைத்துக்கொண்டது. என் சமன்பாட்டில் காற்று வீசிக்கொண்டே இருந்தது. வாளையாரில் இலைகூட அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் தூறல் போட்டது. நனைந்தால் துருப்பிடித்துவிடுமே என்று அந்த நல்ல மனிதர் பிளாஸ்டிக் தார்ப்பாயை இழுத்து மூடினார். அது உருகி வளையங்களில் அப்பிக்கொண்டது. புகை வந்ததும் பிடுங்கப் போய், அவருடைய வலது உள்ளங்கை வெந்துவிட்டது. கறுப்புப் பூச்சோடு வந்த சரக்கைப் பட்டறைக்காரர்கள் இறக்கவே விடவில்லை.

மறுநாள், என்ன நடந்தது என்று எழுதித் தரச் சொன்னார் மேனேஜர். லாரி நின்றால் என்ன ஆகும் என்று நான் போட்டுப் பார்க்கவே இல்லை. முற்றத்தில் ஒரு நாள் ஆகிறதே, பதில் கண்ணெதிரே கிடந்தது. அதை எழுதினால் வேலை போச்சு. இப்படி எழுதினேன்: 'அனுமதியின்றி ஓட்டுநர் தார்ப்பாயால் மூடியதால் வெப்பம் வெளியேறவில்லை.' ஒவ்வொரு சொல்லும் உண்மை. அதுதான் அசிங்கம்.

அந்த டிரைவரை இனி நம் லோடுக்குக் கூப்பிட வேண்டாம் என்றார் மேனேஜர். அந்த மாதக் கடைசியில் பயிற்சி வருடம் முடிந்து, என் ஆர்டர் வந்தது.

ஆர்டர் வந்த வாரமே, லோடு கட்டக் கொடுத்திருந்த ஆலைச் சங்கிலியைத் திருப்பித் தர டிரைவர் வந்தார். கையில் கட்டு. கேட்டருகே என்னைப் பார்த்ததும் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார்.

"நாந்தானுங்க சார் கெடுத்துப்போட்டேன். மூடாம இருந்திருக்கோணும். என்னால உங்களுக்கு ஒண்ணும் கெட்ட பேரு வரலீங்களே?"

சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

"பரவால்லீங்கண்ணா, விடுங்க," என்றேன். பெரிய மனது பண்ணி அவரை மன்னித்துவிட்டேன்.