முப்பத்திரண்டு டிகிரியும் சாந்தா டீச்சரும்

நான் ஐஸ் ஃபேக்டரியில் தொழில் கற்றவன். மீன் கெடாமல் இருக்க ஐஸ், கறிக்கடைக்கு ஃப்ரிட்ஜ், டாக்டர் வீட்டுக்கு ஏசி என்று காரைக்காலில் இருபது வருஷம் எல்லாவற்றையும் குளிர வைத்தே சோறு தின்றேன். அப்படிப்பட்டவனிடம் குரும்பகரத்திலிருந்து தங்கராசு வந்து, "அண்ணே, தண்ணிய சூடாக்கணும்" என்றார். எண்பதுகளின் தொடக்கம் அது. ஐப்பசி மழை விட்டிருந்த நேரம்.

"வெந்நி போட அடுப்பு இல்லையாய்யா?"

"ஒரு தொட்டி நெறையண்ணே. பன்னெண்டடிக்கு எட்டடி, நாலடி ஆழம். நீச்சல் குளம் மாதிரி கட்டிட்டேன்."

விவசாயக் குடும்பம். அவர் மனைவி சாந்தா டீச்சர், கணக்கு வாத்தியார். பஸ்ஸிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து, பிளேட் வைத்திருந்தார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் நின்று காலை ஆட்டிப் பழகினால் சீக்கிரம் நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பயிற்சி கொடுக்க ஞாயிறு தவிரத் தினமும் காலை ஒரு நர்ஸ் வந்து போனார். டீச்சர் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பொங்கல் லீவு முடிந்து வகுப்பில் நின்று பாடம் எடுக்க முடியாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். பத்து வருஷம் காத்திருந்து கிடைத்த வேலை.

பெரிய மெஷினா, சின்ன மெஷினா

தங்கராசுவின் அண்ணன் பிரான்சில் இருந்தார். அங்கே வீட்டுக் குளங்களுக்கு வைக்கிற ஹீட் பம்ப் கேட்லாக் ஒன்றை அனுப்பி, இருப்பதிலேயே பெரியதைக் கப்பலில் அனுப்பட்டுமா என்று கேட்டு எழுதியிருந்தார். தங்கராசு பள்ளியில் பிரெஞ்சு படித்தவர். அவர் வாசிக்க வாசிக்க நான் குறித்துக்கொண்டேன்.

ஹீட் பம்ப் பெரிய மாயமெல்லாம் இல்லை. ஏசி ரூமுக்குள் இருக்கிற சூட்டை வெளியே தள்ளுகிறது. இது வெளியே இருக்கிற சூட்டைப் பிடித்துத் தண்ணீரில் தள்ளுகிறது, அவ்வளவுதான். கேட்லாக்கில் வெளிக்காற்று பதினைந்து டிகிரி என்று வைத்து அளவு போட்டிருந்தான். நம் ஊரில் மார்கழிப் பகலிலேயே இருபத்தேழு, இருபத்தெட்டு இருக்கும். காற்றில் சூடு அதிகம் இருந்தால் சின்ன மெஷினே போதும். அதோடு அந்தப் பெரிய மெஷினுக்கு த்ரீ ஃபேஸ் வேண்டும், பழுதானால் ஸ்பேருக்குக் கடல் தாண்ட வேண்டும். உப்புக்காற்றில் அதன் மெல்லிய அலுமினியத் தகடுகள் இரண்டு வருஷத்தில் மாவாகக் கொட்டும்.

"அண்ணனுக்கு எழுதிடுங்க, வேணாம்னு. ஒன்றரை டன் ஏசி கம்ப்ரஸர்ல நானே செஞ்சு தர்றேன். ப்ளீச்சிங் பவுடர் தண்ணிக்கு வெறும் செம்புக்குழாய் தாங்காது, செம்போட நிக்கல் சேத்த குப்ரோ நிக்கல் குழாய் போட்டுடுறேன்."

"பத்துமாண்ணே? டீச்சரு வேலை இதுலதான் நிக்கிது."

"பத்தலன்னா இந்தத் தொழிலையே விட்டுடுறேன்யா."

வாய்க்கொழுப்புதான். ஆனால் கணக்கு சரியாக இருந்தது. மார்கழி பிறக்கும்போது மெஷின் ஓடியது. மாலையில் வோல்டேஜ் விழுந்துவிடும் என்பதால் காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை ஓட்டச் சொன்னேன். முதல் நாள் மாலை போய்த் தெர்மாமீட்டரை விட்டேன். முப்பத்திரண்டு. வரும் வழியெல்லாம் சைக்கிளில் விசிலடித்துக்கொண்டே வந்தேன்.

"குளுருது சார்"

மூன்றாம் நாள் தங்கராசு கடைக்கு வந்தார். "டீச்சரு குளுருதுங்குறாங்கண்ணே."

மாலை போய்ப் பார்த்தேன். முப்பத்திரண்டு. நாற்காலியில் உட்கார்ந்திருந்த டீச்சரிடம் தெர்மாமீட்டரைக் காட்டினேன்.

"காலைல குளுருது சார்," என்றார்.

ராத்திரி வாடைக்காற்று சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது என்று தீர்மானித்து, களத்தில் நெல் மூடுகிற படுதாவைத் தொட்டி மேல் போர்த்தச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து மறுபடி அதே புகார். மறுபடி மாலை போனேன், மறுபடி முப்பத்திரண்டு.

"உடம்பு அசந்திருக்குல்ல டீச்சர், அப்படித்தான் தோணும். தெர்மாமீட்டர் பொய் சொல்லாது."

பக்கத்தில் நின்ற தங்கராசு தயங்கித் தயங்கி, "அண்ணன் திரும்ப எழுதியிருக்காரு, பெரிய மெஷினையே அனுப்பிடவான்னு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் விடிவதற்கு முன்பே குரும்பகரத்துக்குச் சைக்கிளை மிதித்தேன்.

கொல்லையில் வாழைப் பாத்தி நிறையத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. காலை வைத்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. என் மெஷின் ஒரு பகல் முழுக்கச் சேர்த்த சூட்டை வாழை குடித்துக்கொண்டிருந்தது. தொட்டியில் போர் மோட்டார் புதுத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் டீச்சரின் மாமியார், இடுப்பில் செருகிய முந்தானையோடு தொட்டிச் சுவரைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா பண்றீங்க?"

"தெனம் பண்றதுதான் தம்பி. நேத்து ஒடம்பு முக்குன தண்ணியில இன்னைக்கும் எறக்குறதா? சீக்காளிக்கு ஆவுமா?"

தெர்மாமீட்டர் இருபத்தாறு காட்டியது. ஏழு மணிக்கு நர்ஸ் வந்து டீச்சரைத் தண்ணீரில் இறக்கினார். அவர் இறங்குவதை நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. இரண்டு நிமிஷத்தில் உதடு நடுங்கியது, ஐந்து நிமிஷத்தில் கால் விறைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணி எண்ணிக் காலைத் தூக்கினார். பத்து நிமிஷத்தில் தூக்கி வெளியே உட்கார வைத்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உப்புக்காற்று, வோல்டேஜ், குழாய் என்று ஊர்க்கதை எல்லாம் விசாரித்தவன், எத்தனை மணிக்கு இறங்குகிறார்கள், தண்ணீரை எப்போது மாற்றுகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த அம்மாவுக்குத் தொட்டித் தண்ணீரை வடிகட்டுகிற ஃபில்டரைக் காட்டினேன், கிருமியைக் கொல்கிற ப்ளீச்சிங் பவுடரைக் காட்டினேன். ஒன்றும் எடுபடவில்லை.

"நீங்க எறங்குவீங்களா அந்தப் பழைய தண்ணியில?"

"எறங்குறேன். விடியறப்ப இந்தத் தண்ணிய மாத்தாம விடுங்க. நாளைக்கு மொதல்ல நான்தான்."

மறுநாள் விடிகாலை படுதாவை விலக்கினோம். முப்பத்தொன்று. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு இறங்கி, மூன்று முழுக்குப் போட்டு, அதே தண்ணீரில் வாயும் கொப்பளித்துக் காட்டினேன். அம்மா மூக்கின் மேல் விரல் வைத்தார்.

"சரி. ஆனா வாரத்துக்கு ஒரு தடவ நான் கழுவிடுவேன்."

"சனிக்கிழமை டீச்சர் ஏறுனப்புறம் கழுவுங்க. ஞாயித்துக்கிழமை நர்சு வர்றதில்ல, திங்கக்கிழமைக்குள்ள சூடாயிடும்."

அன்று டீச்சர் முப்பது நிமிஷம் தண்ணீரில் நின்றார். நர்ஸ்தான் போதும் போதும் என்று கூப்பிட வேண்டியிருந்தது.

பொங்கல் முடிந்து பள்ளி திறந்த அன்று ஸ்டெபிலைசர் வேலையாகக் குரும்பகரம் போயிருந்தேன். சாயங்காலம் டீச்சர் ஒரு கைத்தடியோடு வாசலில் வந்து இறங்கினார். மூன்று பீரியட் நின்றே எடுத்தாராம். எனக்குத் தலைகால் புரியவில்லை. "அப்ப மெஷின் பாஸ்தானே டீச்சர்?" என்றேன்.

"மெஷினுக்கு நூத்துக்கு நூறு சார். ஒங்களுக்குத்தான் கொறைச்சிட்டேன்."

"ஏன் டீச்சர்?"

"காலைல குளுருதுன்னுதான் சொன்னேன். நீங்க மொதல்ல வந்த தடவையெல்லாம் சாயங்காலமா வந்து பாத்தீங்க."

அதற்கப்புறம் எத்தனையோ மெஷின் போட்டேன். டன் கணக்கு, வோல்டேஜ் எல்லாம் அப்புறம்தான். அதைப் பயன்படுத்தப் போகிறவர் யார், எந்த நேரத்தில் என்பதைக் கேட்டு, அந்த நேரத்துக்கே போய் அவர் பக்கத்தில் நின்று பார்த்த பிறகுதான் பென்சிலை எடுப்பேன்.