டெலிபோன் கொட்டகையில் முட்டை ஈனோஸ் வாசித்த எண்கள்

மின்சாரமும் காரும் வேண்டாமென்று வாழ்கிற எங்கள் சபையில் இருபத்தெட்டு வீடுகள். அதில் ஈனோஸ் என்ற பெயரில் மட்டும் நான்கு பேர். அதனால் ஆளுக்கொரு பட்டப்பெயர். என் பக்கத்து வீட்டுக்காரர் முட்டை ஈனோஸ். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டுக்குக் குதிரை வண்டியில் போனவர், முட்டைக் கூடையின் மேலேயே உட்கார்ந்து ஒன்பது மைல் போய்விட்டார். "ஏங்க, உங்களுக்குத் தெரியவே இல்லையா?" என்று மனைவி லொவினா கேட்டதற்கு, "ஈரமாத்தான் இருந்துச்சு. ஆனா மெத்துன்னு இருந்துச்சு" என்றாராம். முப்பது வருஷம் ஆகியும் அந்தப் பெயர் அவரை விட்டுப் போகவில்லை.

பன்னிரண்டு பசு வைத்திருக்கிறார். அதிர்ந்து பேசமாட்டார். தம்முடையதல்லாத ஒரு வைக்கோலைக்கூட எடுக்கமாட்டார். அப்படிப்பட்டவரை உலகத்தில் நாலாயிரம் பேர் உளவாளி என்று நம்பிய கதை இது.

வீட்டுக்குள் டெலிபோன் வைக்க எங்கள் சபை ஒழுங்கில் இடமில்லை. கால்நடை டாக்டருக்கும் வைத்தியத்துக்கும் கூப்பிடுவதற்கென்று, ஆறு வீட்டுக்குப் பொதுவாக, தெருமுனையில் ஒரு மரக் கொட்டகை இருக்கிறது. அதற்குள் ஒரு டெலிபோனும், பாட்டரியில் ஓடுகிற ஒரு பதிவுப் பெட்டியும். ஆள் இல்லாதபோது யாராவது கூப்பிட்டால், நாம் பேசி வைத்த பேச்சு முதலில் அவர்களுக்குக் கேட்கும். பிறகு அவர்கள் சொல்வதைப் பெட்டி பிடித்து வைத்துக்கொள்ளும்.

லொவினாவுக்கு ஒரு இரட்டைச் சகோதரி, சலோமா. கல்யாணமாகும்வரை இருவரும் ஒரே கட்டிலில் படுத்தவர்கள். சலோமாவின் குடும்பம் நிலம் தேடி மொன்டானாவுக்குப் போய்விட்டது. அங்கே அவளுடைய டெலிபோன் கொட்டகை ஏழு மைல் தள்ளி. குதிரை சும்மா இருக்கிற நேரத்தில்தான் அவள் வரமுடியும். அதனால் இருவரும் ஒரே நேரத்தில் பேசிக்கொள்ள வாய்த்ததே இல்லை. பெட்டி வழியாகத்தான் எல்லாம்.

இரண்டு பேரும் ஒரே மாதிரி ஒட்டுத்துணிப் போர்வை தைக்கத் தீர்மானித்தார்கள். இங்கே லொவினா எப்படித் துண்டு வைக்கிறாளோ, அங்கே சலோமாவும் அப்படியே வைக்கவேண்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு வரிசை. ஆனால் லொவினா தன் குரலைப் பெட்டிக்குள் விடமாட்டேன் என்று நின்றுவிட்டாள்.

"முகத்தைப் படம் புடிச்சா பெருமைன்னு சொல்றோம். குரலைப் புடிச்சு வச்சா மட்டும் என்னவாம்? நீங்களே வாசிங்க."

"சலோமா பேசி வைக்கிறத நீ கேக்கிறியே?"

"கேக்கிறது காது. காதுல என்ன பெருமை இருக்கு?"

ஆக, காகிதத்தைப் பிடித்துக்கொண்டு ஈனோஸ் வாசித்தார். எங்கள் வீட்டு ஜெர்மன் பேச்சில், வேதம் வாசிக்கிற அதே நிதானத்தில், ஒவ்வொரு சொல்லாக: "சாம்பல் ஏழு. கறுப்பு இரண்டு. திரும்பு. நீலம் ஒன்று. கறுப்பு இரண்டு. திரும்பு. வரிசை முடிந்தது. கர்த்தருக்குச் சித்தமானால், அடுத்த சனிக்கிழமை."

எங்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் இருந்தது. அந்தக் கொட்டகை எண் முன்காலத்தில், கூப்பிட்டால் இப்போது மணி என்ன என்று சொல்லும் எண்ணாக இருந்ததாம். அதை மூடி ரொம்ப வருஷம் சும்மா கிடந்த பிறகுதான் எங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். இந்த மாதிரிச் செத்துப்போன எண்களைத் தேடித் தேடிக் கூப்பிட்டு, மறுமுனையில் என்ன கேட்கிறது என்று குறித்து வைப்பதையே பொழுதுபோக்காக வைத்திருக்கிற இங்கிலீஷ்காரர்கள் இருக்கிறார்கள். சபைக்கு வெளியே உள்ள எல்லோரையும் நாங்கள் இங்கிலீஷ்காரர் என்றுதான் சொல்வோம். அவர்களில் ஒருவர் எங்கள் எண்ணைப் போட்டிருக்கிறார். வயதான ஆண் குரல், ஏதோ ஜெர்மன், நிறங்கள், எண்கள், "திரும்பு". அவருக்கு வியர்த்துவிட்டது. உளவாளிகள் இப்படித்தான் எண்களை வாசித்து ரகசியச் சேதி அனுப்புவார்கள் என்று தன் கூட்டத்துக்கெல்லாம் சொல்லிவிட்டார்.

ஒரு சனிக்கிழமை காலை கொட்டகைக்கு முன்னால் ஒரு வேன் நின்றது. மூன்று பேர். அதில் வெஸ்லி என்பவர் கையில், பெட்டியில் கேட்டதையெல்லாம் குறித்து வைத்த நாற்பது பக்கக் கட்டு, ஒரு வரைபடம். ஈனோஸும் லொவினாவும் காகிதத்தோடு வந்தார்கள். நான் பால் கேனைக் கழுவிவிட்டு வேலியோரம் நின்றேன்.

"ஐயா, நீங்க யாருக்கு வேலை செய்றீங்க?" என்று வெஸ்லி மெதுவாகக் கேட்டார்.

ஈனோஸ் யோசித்தார். "கர்த்தருக்கு. மத்தபடி பசுங்களுக்கு."

"திரும்புன்னு சொல்றீங்களே, எது திரும்புது? கப்பலா?"

"துணிங்க."

லொவினா வீட்டுக்கு ஓடிப்போய்ப் போர்வையைக் கொண்டுவந்து வேனின் மேலேயே விரித்தாள். வெஸ்லி தன் நாற்பது பக்கத்தையும் போர்வையையும் மாறி மாறிப் பார்த்தார். ஒவ்வொரு துண்டும் ஒத்துப்போனது. பாவம், முகம் தொங்கிவிட்டது. கூட வந்தவர், "போர்வையெல்லாம் சும்மா கண்துடைப்புப்பா" என்று அவர் காதில் சொன்னது எனக்கே கேட்டது.

புறப்படும்போது வெஸ்லி ஈனோஸின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, அது எதுவா வேணா இருக்கட்டும். உங்க குரலை நாலாயிரம் பேர் கேக்கிறோம். கேட்டா உடம்பு சிலிர்க்குதுங்க."

வினை அங்கேதான் பிடித்தது. வெஸ்லி உண்மையைப் போய்ச் சொன்னார், ஒருவரும் நம்பவில்லை, அழைப்புகள் இரட்டிப்பாயின. பெட்டியிலுள்ள நாடா முழுக்க அந்நியரின் மூச்சும் எண்களும். சலோமா பேசி வைக்க இடமே இல்லை. மூன்று வாரமாக அவளிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. லொவினா தினமும் கொட்டகைக்குப் போய், பெட்டியில் உள்ளதை முதலிலிருந்து கடைசிவரை கேட்டுவிட்டு, ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே திரும்புவாள்.

அதே நாட்களில் ஈனோஸ் தொழுவத்தில் ஒரு மாதிரி நடந்துகொண்டார். "சாஆம்பல்... ஏழு" என்று இழுத்துச் சொல்லிவிட்டு, பசுக்களைப் பார்ப்பார்.

"பால் கறக்கிற நேரத்துல அதுங்களுக்கு என்ன உபதேசம்?" என்றாள் லொவினா.

"தொண்டைய சரி பண்றேன்."

"பசுவே அசைபோடறத நிறுத்திட்டு உங்களயே பாக்குது. வாளியப் பாருங்க, அரை வாளிதான்."

பிறகு, சபை ஒழுங்கைக் கவனிக்கிற டீக்கன் டோபியாஸுக்கு வந்தது சோதனை. நொண்டின குதிரைக்கு டாக்டரைக் கூப்பிடக் கொட்டகைக்குப் போனார். மணி அடித்தது, எடுத்தார். எவனோ ஒருவன் எங்கள் பேச்சைத் தப்பும் தவறுமாய்ப் படித்து வைத்துக்கொண்டு, "கறுப்பு இரண்டு... திரும்பு" என்று கிசுகிசுத்தான். டீக்கன் சட்டென்று திரும்பிப் பார்த்துவிட்டார். பின்னால் நெட்டை ஈனோஸின் வாத்து ஒன்று நின்றது. அதற்குப் பிறகு அவருக்குத் தூக்கமில்லை. "அந்தப் பெட்டிய எடுத்துப் போடணும். சபை கூடட்டும்" என்றார்.

அப்பமும் திராட்சரசமும் பகிர்கிற திருவிருந்துக்கு முன்னால் எங்கள் சபை கூடி ஒழுங்குகளைப் பேசும். ஊழியக்காரர்கள் பெஞ்சு பெஞ்சாக வந்து ஒவ்வொருவரையும் கேட்பார்கள். ஒருமனம் இல்லாவிட்டால் திருவிருந்து கிடையாது. அன்று பெண்கள் பக்கம் என்னை ஒட்டி லொவினா உட்கார்ந்திருந்தாள்.

பிஷப் மெனோ நல்ல மனிதர். "கூப்பிடுறவங்க செய்யற தப்புக்கு நம்ம பெட்டி என்ன பண்ணும்? பாவம் நம்ம பக்கம் ஒண்ணுமில்ல. இருந்துட்டுப் போகட்டும்" என்றார். பெஞ்சுகளில் சம்மதம், சம்மதம் என்று வந்துகொண்டிருந்தது. டோபியாஸ்கூட வாய்க்குள் முனகிக்கொண்டே தலையாட்டிவிட்டார். லொவினா மூச்சு விட்டாள்.

முட்டை ஈனோஸிடம் வந்தது. அவர் எழுந்து நின்றார்.

"நம்ம பக்கம் பாவம் இல்லன்னு பிஷப் சொன்னாரு. இருக்கு. என் குரல் நல்லா இருக்குன்னு ஒருத்தர் சொன்னாரு. அன்னையிலேருந்து நான் இழுத்து இழுத்து வாசிக்கிறேன். பசுங்க முன்னாடி பழகிப் பாத்தேன். போன வாரம் பெட்டியப் போட்டு என் குரல நானே கேட்டேன். ரெண்டு தரம்." சற்று நிறுத்தி, "மூணு தரம்" என்றார்.

லொவினா கண்ணை மூடிக்கொண்டாள். ஆண்கள் பக்கம் டோபியாஸ் துள்ளி எழுந்தார். "பாத்தீங்களா! வாயாலயே சொல்லிட்டாரு. என் சம்மதத்தத் திரும்ப வாங்கிக்கிறேன். பெட்டிய எடுங்க!"

ஈனோஸ் முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்டார், சபை மன்னித்தது. அதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் பெட்டி? பிஷப் டீக்கன் பக்கம் திரும்பினார்.

"டோபியாஸ், பெருமை எங்க இருந்துச்சு? பெட்டியிலயா, தொண்டையிலயா?"

"தொண்டையிலதான். ஆனா..."

"பெருமையே வரமுடியாத தொண்டை ஒண்ணு இருந்தா, பெட்டி இருக்கலாமா?"

"அப்படி ஒண்ணு இருந்தா இருக்கலாம். எங்க இருக்கு?"

"நீ பாடினா உன் வீட்டுல என்ன சொல்லுவாங்க?"

டோபியாஸ் பொய் சொல்ல மாட்டார். "என் சம்சாரம் கோழிக்குத் தீனி போடணும்னு எழுந்து போயிடுவா. போட்டிருந்தாலும் போயிடுவா."

"அப்போ சனிக்கிழமை நீயே வாசி, சகோதரா."

பெண்கள் பக்கம் இரண்டு பெஞ்சு கைக்குட்டையைக் கடித்துக்கொண்டது. டோபியாஸ் சுற்றிலும் பார்த்தார். திருவிருந்து அவருடைய ஒரு வார்த்தையில் நின்றது. "சம்மதம்" என்றார்.

இப்போது சனிக்கிழமைதோறும் லொவினா காகிதத்தில் விரலை வைத்துக் காட்ட, டீக்கன் மூக்கால் வாசிக்கிறார். சும்மாவும் வாசிப்பதில்லை. கேட்கிற அந்நியர்களின் ஆத்துமாவை நினைத்து, முதலில் மனந்திரும்புதலைப் பற்றி ஆறு நிமிஷம் பேசிவிட்டுத்தான் முதல் துண்டுக்கு வருகிறார். இரண்டே வாரத்தில் அழைப்புகள் உதிர்ந்துவிட்டன. வெஸ்லி மட்டும் ஒரு கடிதம் போட்டிருந்தார்: பழைய ஆளுக்கு என்ன ஆயிற்று, உயிரோடு இருக்கிறாரா என்று.

மூன்றாம் சனிக்கிழமை பெட்டியில் சலோமாவின் குரல் வந்தது. லொவினா ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, நாங்களும் கேட்கட்டும் என்று கொஞ்சம் தள்ளியும் பிடித்தாள்.

"லொவினா, நான் நல்லாத்தான் இருக்கேன், பயப்படாதே. மூணு தரம் வந்தேன், பெட்டி வாங்கிக்கல. ஆமா, யாரு அது வாசிக்கிறது? குளிர்ல ஏழு மைல் வந்து நின்னா, அந்த மனுசன் பாவத்தப் பத்தியே பேசறாரு. நான் செஞ்ச பாவமெல்லாம் ஞாபகம் வந்து அழுதுட்டேன், சாம்பலா கறுப்பான்னு கவனிக்கல. தைச்சத பிரிச்சுட்டு மறுபடியும் தைக்கிறேன்."

லொவினா சிரித்துக்கொண்டே அதைத் திரும்பப் போட்டாள். டீக்கன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "அழுதாளாமா?" என்று கேட்டார். "இன்னொரு தரம் போடு, சரியாக் கேக்கல."

குதிரைப் பக்கத்தில் நின்ற ஈனோஸ் தலையைக் குனிந்துகொண்டார். டீக்கனுக்காக ஜெபிக்கத் தொடங்கிவிட்டார் என்று அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்தது.