பாங்குக்குப் பிறகு வராத சத்தம்

சுனாமிக்குப் பின் ஓர் உதவி நிறுவனம் நடத்திய வகுப்பில் கணினி படித்தேன். யுத்தம் முடிந்த வருடம் கல்முனையில் ஒரு கணினி திருத்தும் கடையில், திரைச்சீலைக்குப் பின்னால் இருந்த பெண்கள் பகுதியில் வேலை செய்தேன். குடும்பப் படங்கள் உள்ள லெப்டொப்பை ஆண்களிடம் கொடுக்க எங்கள் பெண்கள் விரும்புவதில்லை. அதனால் என் வேலைக்குப் பயமில்லை, றிஸ்வினா வரும்வரை.

அவளுக்குப் பத்தொன்பது வயது. வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் கூடியிருக்குமோ என்று என்னைப்போல் பாதி மனதோடு இருக்க வேண்டியதில்லை. நாங்கள் காக்கா என்று அழைக்கும் முதலாளி வெளிப்படையாகவே சொன்னார்: "ரெண்டு பேருக்கு இங்க வேலை இல்ல புள்ள. மாசம் முடிய ஒராள்தான் முழுநாளும்."

அந்த வாரம் ஒரு பெண் வந்தார். கட்டாரிலிருந்து கணவர் அனுப்பிய லெப்டொப்பில் திரை தலைகீழாக நின்றது.

"சின்னவன் எதையோ அமுக்கிட்டான் புள்ள."

கன்ட்ரோல், ஆல்ட், மேல் அம்பு மூன்றையும் சேர்த்து அமுக்கினேன். படம் நிமிர்ந்தது. றிஸ்வினா கவனித்தாளா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். கவனித்திருந்தாள்.

சத்தத்தையும் சோதிக்க, அதிலிருந்த கல்யாண வீடியோவை ஓடவிட்டேன். பள்ளிவாசலில் பிற்பகல் தொழுகைக்கான அசர் பாங்கு சொன்னது. வழக்கப்படி உடனே மியூட் பட்டனை அமுக்கிவிட்டுத் தொழப் போனேன்.

திரும்பி வந்தால் சத்தமில்லை. திரையில் வொலியூம் முழுதாகக் காட்டியது. சத்தத்தை இயக்கும் டிரைவர் மென்பொருளை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். ரீஸ்டார்ட் செய்தேன். இல்லை. இன்னொரு தடவை போட்டேன். பிழையான டிரைவரோ?

"கொண்டு வரக்குள்ள நல்லாத்தானே கதைச்சது?" என்றார் அந்தப் பெண்.

றிஸ்வினா கையை நீட்டி, கீபோர்டுக்கு மேலிருந்த சின்ன மியூட் பட்டனை அமுக்கினாள். கல்யாண வீட்டுக் குரவை கடை முழுக்கக் கேட்டது. அந்தப் பெண் அவள் கன்னத்தைத் தடவி முத்தமிட்டார்.

வெளியிலிருந்து காக்கா கேட்டார்: "என்ன பிழை அது?"

பாங்கு நேரம் அந்தப் பட்டனை அமுக்கியது யார் என்று, என்னை ராத்தா என்று அழைக்கும் றிஸ்வினாவுக்குத் தெரியும். "டிரைவர்தான் காக்கா. ராத்தா போட்டுட்டாங்க" என்றாள்.

எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது. வேலையில் முந்தினாள், சரி. குணத்திலுமா?

மறுநாள் காக்காவிடம் போனேன். "டிரைவர் பிழை இல்ல காக்கா. பாங்குக்கு நான்தான் மியூட் பண்ணிட்டு மறந்துட்டன். கண்டுபிடிச்சது றிஸ்வினா."

மாத முடிவில் முழுநாள் வேலை அவளுக்கு, காலை மட்டும் எனக்கு என்றானது.

புதிதாக இத்தொழிலுக்கு வருபவர்களுக்கு ஒன்று: சத்தம் வராவிட்டால் டிரைவரைத் தொடுமுன், உங்கள் கை கடைசியாக எதைத் தொட்டது என்று யோசியுங்கள். என் நேர்மையைக் காக்கா இன்றும் புகழ்வார். நான் மறுப்பதில்லை. ஆனால் அவள் என்னைவிட நல்லவளாக இருப்பதைத் தாங்க முடியாமல்தான் அன்று சொன்னேன்.