பீரோவுக்குப் பின்னாடி ஒரு ஜன்னலு

குந்துங்கப்பா, குந்துங்க! பேச்ச நிறுத்துங்க. ஃபேனுக்குக் கீழ எடம் புடிக்கிற சண்டைய அப்பால வெச்சிக்கலாம். மேஸ்திரி பொழப்புல மேல வெயிலு வறுக்கும், கீழ வூட்டுக்காரம்மா வறுக்கும். புழுக்கத்துல வேவுற நம்ம ஆளுங்களுக்குத்தான் இது புரியும்.

தோசக்கல்லு

கல்பாக்கத்தாண்ட சரளாக்கா வூட்டு மாடி ரூம்பு. பொண்ணு தீபா தலப்பிரசவத்துக்கு வந்துகீது. ஒரே நாள்ல வேர்த்து ஊத்தி, "நான் செங்கல்பட்டுக்கே, மாமியார் வூட்டுக்கே போறேம்மா"ன்னு பைய எடுத்துகிச்சி. அக்கா என்ன கூப்ட்டு அனுப்புச்சி. மொட்ட மாடியில தளத்தத் தொட்டுப் பாத்தேன், கைய உதறிகினு குதிச்சேன். அக்கா சொல்லுச்சி: "டான்ஸ் ஆடவா கூப்ட்டேன்? எம் பொண்ணு இங்க தங்கணும், வழி சொல்லுய்யா."

மேக்கப்பு

தளத்துக்கு வெயில திருப்பி அடிக்கிற வெள்ளப் பெயின்ட் பூசினோம். மேக்கால செவுத்துக்கு வெளியில பந்தல் கட்டி நெழல் குடுத்தோம். தளம் தணிஞ்சிடுச்சி, ஆனா புழுக்கம் மட்டும் நவுரல. பக்கத்து வூட்டுக்காரரு எட்டிப் பாத்தாரு: "இன்னாக்கா, வூட்டுக்கு பவுடர் பூசிகிறீங்க? பொண்ணு பாக்க வராங்களா?"

பஸ்ஸு

கெழக்கால பெரிய ஜன்னலு. அந்தாண்ட கடலு. மத்தியானம் காத்து வந்து, வெளிய காயிற சீல பறக்குது. உள்ள ஊதுபத்தி கொளுத்தினா பொக அப்பிடியே நிக்கிது. எதுத்தாப்புல தேடினா, மேக்கு செவுத்துல பீரோவுக்குப் பின்னாடி ஒரு ஜன்னலு, பந்தல் கட்டுறப்ப வெளியில பாத்த அதே ஜன்னலு, சாத்தியே கெடக்குது!

"யக்கா, காத்து பஸ்ஸு மாதிரி. எறங்க வழி இருந்தாதான் ஏற முடியும்"னேன்.

அக்கா தலையில கைய வெச்சிகிச்சி: "வாஸ்து பாத்து பட்டுப்பொடவ பீரோவ கன்னி மூலையில வெச்சேன், பெத்த பொண்ண புழுக்கத்துல வெச்சிட்டேனே!"

ஏறி எறங்கிச்சி

மூல மாறாம பீரோவ தெக்கு செவுத்தாண்ட திருப்பினோம். ரெண்டு ஜன்னலுக்கும் கொசுவல அடிச்சித் தொறந்தேன். காத்து இப்பிடி ஏறி அப்பிடி எறங்கிச்சி. தீபா, "சும்மா படுத்துப் பாக்குறேன்"னு சாஞ்சிச்சி.

சாயங்காலம் அக்கா வூட்டுக்காரரு ஆபீஸ் பஸ்ஸ வுட்டு எறங்கி மாடிக்கு வந்தாரு. வேல நடந்த அத்தினி நாளும் வாயே தொறக்காத மனுசன். நம்மளால சும்மா இருக்க முடியுமா? அக்கா தலையில கை வெச்சது, பக்கத்து வூட்டுக்காரரு எட்டிப் பாத்தது, எல்லாத்தையும் அவுங்க கொரல்லயே நடிச்சிக் காட்டி, "சார், பீரோ திரும்பிச்சி, பொண்ணு திரும்பிப் போவல! ஏசி இல்ல, கரென்ட் பில்லு இல்ல!"ன்னு கூவினேன்.

அவரு கட்டில ஒரு தபா பாத்தாரு, என்ன ஒரு தபா பாத்தாரு. "மேஸ்திரி, ஜன்னலு தொறந்திருந்தா போதும். வாய மூடு, பொண்ணு தூங்குது."