அற்புதராணி கட்டிய போறணை

குருநகரில் அற்புதராணியின் அப்பத்துக்கு நல்ல பெயர். விடியற்காலையில் கடலால் திரும்பியவர்கள் வீட்டுக்குக்கூடப் போகாமல் அவளுடைய குசினி வாசலில் வந்து நிற்பார்கள். முதல் நாள் பின்னேரம் கள்ளு விட்டுக் குழைத்து வைத்த மா எவ்வளவு பொங்கியிருக்கிறது என்பதைச் சட்டியின் மூடியைத் திறக்காமலே, மணத்தை வைத்துச் சொல்லிவிடுவாள். வயது நாற்பத்திரண்டு. பெண்பிள்ளைகள் இருவரும் கலியாணம் முடித்துப் போய்விட்டார்கள். கணவன் சிமியோன் ஒன்பது வருடம் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை பார்த்தவன். இரும்பு ஏணியில் வழுக்கி முழங்கால் உடைந்ததும், 1977ஆம் ஆண்டின் கடைசியில் வீட்டோடு வந்து சேர்ந்தான்.

வந்தவனுக்குக் கதைக்க ஆட்கள் வேண்டும். முற்றத்தில் இருந்து வலை திருத்திக்கொண்டே, அப்பம் வாங்க வருகிறவர்களுக்குத் துறைமுகக் கதைகள் சொல்வான். அதிகம் சொன்னது இத்தாலியில் ஜெனோவாத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கடையைப் பற்றித்தான். அங்கே பீற்சா என்று ஒன்று சுடுவார்களாம். ரொட்டி போல வட்டமாகத் தட்டிய மா. அதன்மேல் தக்காளிப்பழக் குழம்பு, பால்கட்டி, நெத்தலி போலச் சின்ன மீன். அதை நீளக் காம்பு வைத்த பலகையில் ஏந்திப் போறணை என்கிற மூடிய கல்லடுப்புக்குள் தள்ளுவார்களாம். உள்ளே நெருப்புக் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டேயிருக்குமாம். கண்மூடித் திறப்பதற்குள் ஓரமெல்லாம் பொங்கிக் கறுப்புப் புள்ளி விழ வெளியே வந்துவிடுமாம்.

ஒருநாள் அற்புதராணியின் தம்பி கிறகோரி, உந்தப் பீற்சாவை அக்கா சுட மாட்டாவோ என்று பகிடியாகக் கேட்டான். அவள் அப்பச் சட்டியைச் சுழற்றியபடியே, "ஓம், சுடுவன்," என்றாள். "மாவும் நெருப்பும்தானே. ஒரு போறணைதான் குறையுது."

பகிடி அதோடு முடிந்தது என்று கிறகோரி நினைத்தான். அடுத்த கிழமையே வீட்டு வளவின் மூலையில் அவள் கல் அடுக்கத் தொடங்கிவிட்டாள். மதில் கட்டி மிஞ்சிய முருகைக்கற்கள், கடலோரத்தில் வெட்டிய பவளக் கற்கள், குவிந்து கிடந்தன. தளத்துக்கும் அதே கல், கூரைக்கும் அதே கல், இடையில் களிமண். சிமியோன் காலை நீட்டி இருந்தபடி கல்லை எடுத்துக் கொடுத்தான். நாலாம் நாள் உள்ளே விறகை அடுக்கி, காலை தொடக்கம் பின்னேரம் வரை எரித்தார்கள். இடையிடையே கல் வெடித்துச் சிதறியது. நெருப்பு ஆறிய பிறகு பார்த்தால் தளம் முழுக்க வெள்ளை மாவு பூத்திருந்தது. அன்று பெய்த மழையில் ஒழுகிய தண்ணீர் பட்டதும் போறணை சீறிக்கொண்டு புகை விட்டு, விடியும்போது இடிந்து கிடந்தது. அவர்கள் கட்டியது போறணையல்ல, சுண்ணாம்புக் காளவாய். கிறகோரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அற்புதராணி அந்தச் சுண்ணாம்பை வழித்தெடுத்துக் குசினிச் சுவருக்குப் பூசினாள். அது வீணாகப் போகவில்லை.

பிறகு பட்டணத்துப் பேக்கரியில் பாண் போடும் அருளம்பலத்திடம் போனாள். அவர் வாழ்நாளெல்லாம் போறணை வாசலில் நின்று வெந்தவர். பெண்பிள்ளைக்கு உது என்னத்துக்கு என்று முதலில் கேட்டாலும், அவள் கேட்ட கேள்விகளைக் கேட்டதும் எழுந்து கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கடற்கரைக் கல் உதவாது. சுட்ட செங்கல்தான் வேண்டும். தளத்தின் கீழே மணலையும் உடைந்த போத்தல் ஓடுகளையும் நிரப்பினால் சூடு கீழே இறங்காது. இதெல்லாம் அவர் சொன்னவை. நெருப்பு உள்ளே இருக்கும்போது மா வைக்கலாமோ என்று அவள் கேட்டதற்கு மட்டும் அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். விறகை எரித்து, தணலை வழித்தெடுத்து, துடைத்த பிறகுதான் மா உள்ளே போகும் என்றார்.

இரண்டாவது போறணை நின்றது. ஈர மணலைக் குவித்து, அதன்மேல் செங்கல்லையும் களிமண்ணையும் ஏற்றி, காய்ந்த பிறகு மணலை வாரி எடுத்தாள். அருளம்பலம் சொன்னபடி தணலை வழித்துவிட்டுச் சுட்டதில் வந்தது நல்ல பாண்தான்; தக்காளி பூசிய பாண். மேலே நிறமே ஏறவில்லை. அடுத்த முறை தணலை வழிக்காமல் ஒரு பக்கமாக ஒதுக்கி, அதன்மேல் இரண்டு பூவரசங் கொள்ளியைப் போட்டு எரிய விட்டாள். ஒரு பக்கம் கரியாகி மறுபக்கம் பச்சையாக வந்தது. அதற்கடுத்தது பலகையில் ஒட்டிக்கொண்டு, உள்ளே பாதியும் வெளியே பாதியுமாகத் தொங்கியது. ஒவ்வொன்றிலும் ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். பலகையில் உலர்ந்த மாவைத் தூவ வேண்டும். கூரையில் படிந்த கரி எரிந்து செங்கல் வெளுக்கும் வரை பொறுக்க வேண்டும். உள்ளே போனதை ஒருதரம் அரைவட்டமாகத் திருப்பிவிட வேண்டும். ஆட்டுப்பாலைத் தேசிக்காய்ப் புளியில் திரைய வைத்து, துணியில் கட்டித் தூக்கி, உப்புப் போட்டால் பால்கட்டி. மாவைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. கள்ளைக் கொஞ்சம் குறைத்து, தண்ணீரையும் குறைத்து இறுக்கமாகக் குழைத்தாள். அது அவள் கைக்குப் படிந்தது.

சிமியோன்தான் படியவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி யோசித்துவிட்டு, "கிட்டத்தான் ராணி. ஆனா அதில்லை," என்பான்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. புகையில் கண் சிவந்து, இரண்டு முழங்கையிலும் சூட்டுத் தழும்போடு ஒரு சனிக்கிழமைப் பின்னேரம் அவள் பதினோராவது முறையாகச் சுட்டாள். ஓரம் பொங்கிக் கறுப்புப் புள்ளி விழுந்திருந்தது. அடி மொறுமொறுவென்று நின்றது. அவன் தின்றுவிட்டு அதே வார்த்தையைச் சொன்னான். அவள் எதிரே இருந்தாள். அங்கே புளிப்புக் கூடவோ குறையவோ என்று கேட்டாள். கூட என்றான். போன கிழமை குறைய என்றீர்களே என்றாள். அந்த மீன் உப்பில் கிடந்ததோ பச்சையோ என்று கேட்டாள். அவன் வலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. நெருப்பின் நிறம், பலகையின் நீளம், சுடுகிறவன் தோளில் போட்டிருந்த துவாய் என்று எல்லாம் சொன்னவன், அதன் ருசியைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"நீங்கள் அதைத் திண்டனீங்களோ?" என்று கேட்டாள்.

சிமியோன் மடியிலிருந்த வலையைக் கீழே வைத்தான்.

"நான் அந்தக் கடைக்குள்ளை போகேல்லை," என்றான். "கப்பல் நிண்ட ரெண்டு பின்னேரமும் றோட்டுக்கு இந்தப் பக்கம் நிண்டு பாத்தனான். உள்ளுக்கை எல்லாரும் குடும்பமா இருந்தினம். என்ரை சட்டை முழுக்க எண்ணெய். எப்பிடிக் கேக்கிறதெண்டும் தெரியேல்லை. இஞ்சை வந்து சொல்லச் சொல்ல, திண்ட மாதிரியே போச்சு."

அவளுக்குக் கோபம் வந்தது. இரண்டு மாதப் புகை, தழும்பு, ஆட்டுக்காரியிடம் கெஞ்சி வாங்கிய பால் எல்லாம் ஒருமிக்க நினைவுக்கு வந்தன. ஆனால் அதற்குமேல் வேறொன்று வந்து நின்றது: பாஷை தெரியாத ஊரில், தெருவின் மறுகரையில், கையைக் கட்டிக்கொண்டு தனியே நிற்கும் இவன். அந்தப் படத்தை அவளால் தள்ள முடியவில்லை. மிச்சமிருந்ததில் பெரிய துண்டாகப் பார்த்து அவன் தட்டில் வைத்தாள்.

"அப்ப இனி உங்களைக் கேக்கமாட்டன்," என்றாள். "சரியோ பிழையோ, நானே சொல்லுறன்."

அன்றிலிருந்து அவள் கை விடுபட்டது. கிறகோரி கரைக்குக் கொண்டுவந்த பச்சை நெத்தலியைத் தலை கிள்ளி, மிளகும் உப்பும் பிரட்டிப் போட்டாள். சுன்னாகத்துச் சின்ன வெங்காயத்தை அரிந்து தூவினாள். தக்காளிக் குழம்பில் ஒரு பச்சை மிளகாயைக் கீறிப் போட்டாள். பால்கட்டி கிடைக்காத கிழமையில் அது இல்லாமலே சுட்டாள். சனிக்கிழமைகளில் அயலவர்கள் தங்கள் தங்கள் தட்டோடு வந்தார்கள். அருளம்பலமும் ஒருநாள் சைக்கிளில் வந்து, நெருப்பு எரிய எரிய மா உள்ளே போவதைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். தான் சொன்னது பாணுக்குத்தான் சரி என்று ஒப்புக்கொண்டு, இரண்டு துண்டு தின்றுவிட்டுப் போனார். சிமியோனுக்கும் ஒரு வேலை அமைந்தது. விறகை அளந்து வைப்பதும், கூரை வெளுத்ததா என்று பார்த்துச் சொல்வதும் அவன் பொறுப்பு. எஞ்சின் அறையில் பழகிய கண். அதில் அவன் பிழைவிட்டதில்லை. ஜெனோவாக் கதையை இப்போதும் சொல்வான். ஆனால் தெருவின் மறுகரையில் நின்று பார்த்ததாகவே சொல்வான்.

1980ஆம் ஆண்டு கோயில் திருநாளுக்கு, ரோமாபுரியில் ஆறு வருடம் படித்துவிட்டு வந்த அடைக்கலநாதன் சுவாமி பிரசங்கம் செய்ய வந்திருந்தார். கிறகோரி அவரை விடவில்லை. பின்னேரம் வளவுக்கே கூட்டிக்கொண்டு வந்து, சுடச்சுட ஒரு துண்டை வாழையிலையில் வைத்துக் கொடுத்தான். முற்றத்தில் நின்ற இருபது பேரும் பேச்சை நிறுத்திச் சுவாமியின் வாயையே பார்த்தார்கள். அவர் மெதுவாகத் தின்றார். இது ரோமாபுரியில் இருக்கிற மாதிரியோ என்று கிறகோரி கேட்டான்.

சுவாமி பதில் சொன்னார். ஆனால் அற்புதராணி அதைக் கேட்க நிற்கவில்லை. உள்ளே அடுத்தது ஓரம் பொங்கத் தொடங்கியிருந்தது. பலகையைத் தூக்கிக்கொண்டு போறணை வாசலுக்குப் போய்விட்டாள். திருப்பிவிட்டு, வெளியே இழுத்து, சிமியோன் நீட்டிய சுளகில் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, வெறும் வாழையிலையோடு சுவாமி அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.