ஐந்தாம் மாடிக்கு மேலே

தான் ஒரு சுவர் என்பது சுவருக்குத் தெரியாது. யாராவது சொல்ல வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் அதைச் சொல்வதற்காகத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

சிராங்கூன் சாலையில் ஒரு நகைக்கடைக்கு மேலே எங்கள் பொறியியல் ஆலோசனை அலுவலகம். புதுக் கட்டடம் எழும்பும் முன்பே, அதற்குள் எவ்வளவு வெயில் இறங்கும் என்று கணக்கிட்டுச் சொல்வது எங்கள் வேலைகளில் ஒன்று. கணக்கைப் போடும் கணினி எங்களிடம் இல்லை. நகரத்தில் வேறொரு நிறுவனம் வைத்திருந்தது. நாங்கள் தாள்களை நிரப்பி அனுப்புவோம். அவர்கள் அதை அட்டைகளில் துளைகளாக்கி இயந்திரத்துக்கு ஊட்டுவார்கள். மறுநாள் மடிப்பு மடிப்பாக ஒரு காகிதப் பொதி வந்து சேரும்.

தாளை நிரப்ப ஒரு முறை உண்டு. முதலில் கட்டடத்தில் எத்தனை வகைச் சுவர், தளம், கூரை இருக்கின்றன என்று பார்த்து ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும். அந்த வகை எதனால் ஆனது என்பதை வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கமாக, அடுக்கு அடுக்காக எழுத வேண்டும்: பூச்சு, செங்கல், மறுபடி பூச்சு, ஒவ்வொன்றின் தடிமன், அது எவ்வளவு சூட்டைக் கடத்தும் என்ற விவரம். பிறகு ஒவ்வோர் அறையாகப் போய், அதன் ஒவ்வொரு பக்கத்துக்கும் உரிய எண்ணைப் போட வேண்டும். வெளிச்சுவருக்கு ஒன்று, கதவுக்கு இரண்டு, ஜன்னலுக்கு மூன்று, மொட்டைமாடிக் கூரைக்கு நான்கு, இரண்டு மாடிகளுக்கு நடுவே இருக்கும் தளத்துக்கு ஐந்து.

நான்கும் ஐந்தும் கண்ணுக்கு ஒன்றுதான், இரண்டும் ஒரே கான்கிரீட். ஆனால் நான்கின் தலைக்கு மேல் சூரியன் நிற்கிறது; ஐந்தின் தலைக்கு மேல் இன்னோர் அறை இருக்கிறது. எது எது என்று கணினி கேட்காது. சுவருக்குக் கதவின் எண்ணைக் கொடுத்தாலும் மறுபேச்சில்லாமல் கணக்குப் போட்டு, புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் வரை விடை தரும். இவ்வளவு மரியாதையான ஊழியரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எங்கள் மூத்த பொறியாளரும் தமிழர்தான், கத்தோலிக்கர். எனக்கும் அவருக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. பெரிய வெள்ளி, கிறிஸ்துமஸ் நாட்களில் அவர் வேலையை நான் பார்ப்பேன்; தீபாவளி, வருடப்பிறப்பு என்றால் என் வேலையை அவர் பார்ப்பார். கடவுள்களுக்குள் தகராறு இல்லாதவரை இதைவிட நல்ல நிர்வாகம் கிடையாது.

அந்த ஆண்டு ஜூரோங்கில் ஒரு தையல் தொழிற்சாலைக்கு ஐந்து மாடிப் புதுக் கட்டடம் வரைந்துகொண்டிருந்தோம். என் மனைவி அதே தொழிற்சாலையின் பழைய கட்டடத்தில் வேலை பார்த்தாள். மேல் மாடித் தையல் கூடத்தில் ஒரு வரிசைக்கு அவள் மேற்பார்வையாளர். அந்த வேலை அவளுக்குப் பிடிக்கும். அந்தக் கூடத்தின் சூடு பிடிக்காது. பிற்பகலானால் ஒற்றைத் தலைவலி வந்துவிடும். மருத்துவர் மாத்திரையைக் கொடுத்து, வேலையையும் விடச் சொல்லியிருந்தார். புதுக் கட்டடத்தின் ஐந்தாம் மாடிக்குத் தன் வரிசையை மாற்றப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அவள் முடிவாகச் சொல்லிவிட்டாள்: "அங்கயும் இப்படித்தான்னா நான் நின்னுக்கறேன். பத்து வருஷம் பாத்தாச்சு." சொல்லும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சித்திரை வருடப்பிறப்புக்கு நான் விடுப்பில் இருந்தபோது பொறியாளரே அந்தக் கட்டடத்தின் தாள்களை நிரப்பி அனுப்பினார். நான் திரும்பி வந்தபோது பொதி வந்திருந்தது; வாடிக்கையாளருக்கும் செய்தி போயிருந்தது. ஐந்தாம் மாடிக்கு மின்விசிறி போதும், கூரைக்கு மேல் வேறு பாதுகாப்பு எதுவும் தேவையில்லை. தொழிற்சாலை நிர்வாகிக்கு ரொம்ப சந்தோஷம்.

எனக்கும் சந்தோஷம்தான். பொதியை வீட்டுக்கு எடுத்துப்போய், பூன் லேயில் எங்கள் சாப்பாட்டு மேசையில் விரித்து மனைவியிடம் காட்டினேன்.

"இங்க பாரு, மூணாவது மாடியும் அஞ்சாவது மாடியும் ஒரே சூடு. உனக்கு இனிமே கவலையே இல்ல."

அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள். "ஒரே சூடா? இந்தக் கணக்கப் போட்டவரு மேல் மாடியில குடியிருக்காரா?"

"இல்ல. தரை வீடு."

"அதான். நம்ம வீட்டு மேல சூரியன்தான் குடித்தனம் பண்ணுது. மூணாவது மாடிக்காரி இப்பவும் போர்வை போத்திக்கிட்டுத் தூங்குறா, தெரியுமா?"

நாங்கள் இருந்தது அடுக்குமாடிப் புளோக்கின் கடைசி மாடி. மாலையில் மேற்கூரையைத் தொட்டால் கையைச் சட்டென்று எடுக்க வேண்டியிருக்கும். அதே கூரையின் கீழ் உட்கார்ந்துகொண்டுதான் இரண்டு மாடிகளின் சூடும் ஒன்று என்று பூரித்துப்போயிருந்தேன். படித்தவன் அச்சடித்த எண்ணைத்தான் நம்புவான்.

மறுநாள் காலை முதல் வேலையாகத் தாள்களை எடுத்துப் பார்த்தேன். தேட வேண்டியதே இல்லை. இரண்டாம் மாடிக்கு எல்லா எண்களையும் ஒழுங்காகப் போட்டுவிட்டு, மற்ற மாடிகளும் இதே மாதிரிதான் என்பதால், ஐந்தாம் மாடி வரை அப்படியே திரும்ப எழுதும்படி ஒரு கட்டளை கொடுத்திருந்தார். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அறையைப் பிரதி எடுத்தால் அதன் தலைக்கு மேல் இருக்கும் எண்ணும் கூடவே வரும். ஐந்தாம் மாடியின் கூரைக்கு நான்கு விழவில்லை, ஐந்து விழுந்திருந்தது. கணினியைப் பொறுத்தவரை அங்கே சூரியனே கிடையாது. ஐந்தாம் மாடிக்கு மேலே ஓர் ஆறாம் மாடி இருந்தது. அங்கேயும் பெண்கள் உட்கார்ந்து நிழலில் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

பகல் உணவுக்குத் தேக்கா சந்தைப் பக்கம் நடக்கும்போது அவரிடம் சொன்னேன். முதலில் சொல்ல வேண்டியதை முதலில் சொன்னேன்.

"சார், அந்தக் கூடத்துலதான் என் வீட்டுக்காரி வேலை செய்யப்போறா. அத முன்னாடியே சொல்லிடறேன்."

"சரி. அப்புறம்?"

"அஞ்சாவது மாடிக்குக் கூரையே இல்ல சார்."

அவர் நடப்பதை நிறுத்தவில்லை. சாலையைக் கடந்து, கடையில் உட்கார்ந்து, இரண்டு பிரியாணி சொல்லிவிட்டுத்தான் பேசினார்.

"திரும்ப எழுதச் சொன்னேன். கூரையை மட்டும் மாத்தணும்னு நெனச்சேன். போன் வந்துச்சு. மறந்துட்டேன் லா." சற்றுப் பொறுத்து, "உங்க வீட்டுல அங்க இருக்கறதால நீங்க சொன்னத நான் ஒரு தடவ கையால போட்டுப் பாக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க தம்பி."

"போடுங்க சார். நானா இருந்தா ரெண்டு தடவ போடுவேன்."

கடைக்காரரிடம் ஒரு தாள் வாங்கி அங்கேயே போட்டார். பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. கடைசி வரியின் கீழ் கோடு இழுத்துவிட்டு, "வெந்துடுவாங்க," என்றார்.

அவர் நினைத்திருந்தால் மூன்று வழிகள் இருந்தன, மூன்றும் எனக்குத் தெரியும். கணினி நிறுவனத்தின் மேல் பழி போடலாம். தாள் நிரப்புவது வழக்கமாக என் வேலை என்பதால் என் மேல் போடலாம். பேசாமல் இருந்துவிடலாம், கட்டி முடித்த பிறகு சூடாக இருந்தால் வெயில் அதிகம் என்று சொன்னால் போயிற்று. இந்த மூன்றையும் நல்ல பதவியில் இருப்பவர்கள் அழகாகச் செய்து நான் பார்த்திருக்கிறேன்.

அவர் திருத்திய தாள்களை என் கையாலேயே எழுத வைத்து மறுபடி அனுப்பினார். புதுப் பொதி வந்ததும் நிர்வாகியைத் தொலைபேசியில் கூப்பிட்டு, சந்திப்பைப் பிற்பகலில், பழைய கட்டடத்தின் மேல் மாடியில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். நானும் கூடப் போனேன். என் மனைவி தன் வரிசையில் நின்றபடி என்னைத் தெரியாதவள் போல ஒரு பார்வை பார்த்தாள்.

பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. கூரைக்குப் பாதுகாப்பு தேவையில்லை என்று சொன்னது நீங்கள்தானே என்றார் நிர்வாகி. "ஆமாம், தவறாகச் சொன்னேன்," என்றார் எங்களவர். கணினி செய்த பிழையா என்று நிர்வாகி கேட்டார். தப்பிக்க நல்ல கதவு. நிர்வாகியே திறந்து வைத்தார்.

"இல்லை. கணினி என் பேச்சைக் கேட்டது. கட்டடத்துக்குக் கூரை கிடையாது என்று நான்தான் அதனிடம் சொன்னேன்."

நிர்வாகி கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு தையல் வரிசைகளைப் பார்த்தார். பிறகு, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். மொட்டைமாடியில் குட்டைக் கால்கள் வைத்து, அவற்றின் மேல் மெல்லிய கான்கிரீட் பலகைகளைப் பரப்ப வேண்டும். வெயிலைப் பலகை வாங்கிக்கொள்ளும், நடுவில் காற்று ஓடும், கீழே இருக்கும் கூரை நிழலில் இருக்கும். நிர்வாகி ஒப்புக்கொண்டார், தையல் கூடத்துக்கு மேலே மட்டும். அதே மாடியில் வரப்போகும் துணிக் கிடங்குக்கு மேலே வேண்டாம் என்றார். துணிக்குத் தலைவலி வராது என்பதால் நாங்கள் வற்புறுத்தவில்லை.

இப்போதைய மென்பொருளில் சுவரைத் தொட்டால் பட்டியல் விரிகிறது. வண்ணம் வண்ணமாக அடுக்குகள் தெரிகின்றன. கூரை தானாகவே கூரையாகிவிடுகிறது என்கிறார்கள். நல்லது. ஆனால் தவறைத் தன்னுடையது என்று சொல்லும் வசதி எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று யாரும் எனக்குக் காட்டவில்லை. அதை நான் ஒருவரிடம்தான் பார்த்தேன். அதற்காக அவருக்கு ஆயுள் முழுக்க நன்றி சொல்லக் கடமைப்பட்டவன். நேரில் ஒருமுறை சொன்னபோது, "அடுத்த பெரிய வெள்ளிக்கு என் கோப்புகளப் பாத்துக்குங்க, போதும்," என்று முடித்துவிட்டார்.

என் மனைவி வேலையை விடவில்லை. புதுக் கூடத்தில் சேர்ந்த முதல் வாரம், எப்படி இருக்கிறது என்று ஆவலாகக் கேட்டேன்.

"காத்து ஜாஸ்தி. வெட்டுன துணியெல்லாம் பறக்குது."

"தலைவலி?"

"அது இங்க வந்தாத்தான் வருது," என்று எங்கள் வீட்டுக் கூரையைக் காட்டினாள். அடுத்த நாள் முதல் கூடுதல் நேரம் வேலை பார்க்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டாளாம்.