பளபளாவின் வாளி

எட்டாம் நம்பர் அறையின் சுவருக்குள் விஷம் இருக்கிறதாம். பள்ளி வேன் ஓட்டுநர் சொன்னார். அவருக்கு யாரோ ஒரு பிள்ளையின் அம்மா சொன்னாராம். அந்த அம்மாவுக்கு, முன்பு அங்கே வேலை பார்த்த தோட்டக்காரரின் மச்சினி சொன்னாளாம். ஒரு காலத்தில் அந்த அறையில் பூச்சிமருந்து மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள், அது செங்கலுக்குள் ஊறிப்போய் இன்னும் கக்கிக்கொண்டிருக்கிறது என்பது கதை.

கேட்டுக்கொண்டிருந்தவளின் கையில் துடைப்பம் அப்படியே நின்றது. எட்டாம் நம்பர் அறையில், இரண்டாவது வரிசையில், ஜன்னலோரம் உட்காருகிறவள் அவளுடைய மகள்.

பள்ளியில் அவளுக்குப் பெயர் பளபளா. பதினோரு வருடமாகத் துப்புரவு வேலை. அவள் துடைத்த தரையைப் பார்த்துத் தலைமையாசிரியை தலைவாரிக்கொள்கிறார் என்று அலுவலக எழுத்தர் கிண்டலடிப்பார். அவளுக்கு உள்ளூர அதில் பெருமைதான்.

மகளுக்கு வீட்டில் பெயர் விசில். இரண்டு வயதில் நெஞ்சிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு அப்பா செல்லமாக வைத்தது. அது ஆஸ்துமா என்று அப்போது யாருக்கும் தெரியாது. தெரிந்தபிறகு அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் கொஞ்சம் இறங்கும். எட்டு வயதுக்காரியோ வேறு பெயருக்குத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அப்பா வேறொரு நாட்டில், கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வெல்டர். இரண்டு மாதத்தில் மகளுக்கு நான்கு முறை மூச்சுத் திணறியது என்று கேட்டதும் அவருக்கு அங்கே இருப்புக்கொள்ளவில்லை. நான்கும் பள்ளியில், நான்கும் முதல் பீரியடில். கடலோர ஊரில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் பிள்ளையை அனுப்பிவிடுவது என்று முடிவுகட்டினார். மாற்றுச் சான்றிதழ் தயாராகட்டும், மாதக் கடைசி வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத் தானே தலைமையாசிரியையைப் போனில் கூப்பிட்டு உறுதி சொல்வதாகவும், மறுநாள் அக்கா வந்து அழைத்துப்போவாள் என்றும் சொன்னார். பளபளா மல்லுக்கட்டிப் பார்த்தாள்.

"உன் பிடிவாதத்துக்கு என் பொண்ணு மூச்சு முட்டணுமா?" என்றார்.

அப்போதுதான் இந்த விஷக் கதை காதில் விழுந்தது. பளபளா முந்தானையை இழுத்துச் செருகினாள். விஷமா, அவளா, ஒரு கை பார்த்துவிடுவது. மறுநாள் முதல் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்தாள். எட்டாம் நம்பர் அறையை உதறிப் பெருக்கினாள். எலுமிச்சை மணக்கும் தரைக்கரைசலை ஒரு மூடிக்கு மூன்று மூடி ஊற்றித் துடைத்தாள், சுவரையும் விடவில்லை. வெளித்தூசி வந்துவிடாதபடி ஜன்னலை இறுக்கிச் சாத்திவிட்டுப் பார்த்தால், அறை புதுச் சோப்புக்கட்டி மாதிரி கமகமத்தது.

அந்த வாரம் விசிலுக்கு இரண்டு முறை திணறியது.

செவ்வாய்தோறும் பள்ளிக்கு வரும் நர்ஸம்மா, வாயில் பிடிக்கும் ஸ்பேசர் குழாயில், திணறலைத் தணிக்கும் நீல மருந்து பம்ப்பை அடித்து, மூச்சை எண்ணவைத்துத் தேற்றினார். நெஞ்சுக்குள் வீக்கத்தை அடக்கும் பழுப்பு பம்ப்பைக் காலையும் மாலையும் தருகிறாளா என்று பளபளாவிடம் கேட்டார். ஒரு வேளைகூடத் தவறியதில்லை என்றாள் பளபளா. அப்படியானால் காற்றைத்தான் பார்க்க வேண்டும் என்று பைக்குள் கைவிட்டு, உள்ளங்கை அகலத்தில் ஒரு காற்றுமானியை எடுத்துக் கொடுத்தார். காற்றில் தூசியோ ரசாயன ஆவியோ ஏறினால் எண் ஏறும், அளவு தாண்டினால் கீச்சிடும். மூன்று நாள் வைத்துக்கொண்டு விஷம் எங்கே என்று தேடச் சொன்னார்.

பளபளாவுக்குத் தலைகால் புரியவில்லை. கிடைத்தது துப்பு. முதல் நாள் காலை வேலையை முடித்துவிட்டு எட்டாம் நம்பர் அறையில் கருவியை நீட்டினாள். கீச், கீச். பார்த்தாயா, மாட்டினான் திருடன். மாலையில் எல்லோரும் போனபிறகு சுவரோடு சுவராக வைத்துப் பார்த்தாள். சத்தமே இல்லை. அலமாரிக்குப் பின்னால், பலகைக்கு அடியில், மூலைமுடுக்கெல்லாம் நீட்டினாள். கல் மாதிரி கிடந்தது. காலையில் விஷம் கக்கிய சுவர் மாலையில் சாப்பிடப் போய்விடுமா என்ன?

இரண்டாம் நாள் காலை கருவியை மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டே துடைத்தாள். எட்டாம் நம்பர் அறையில் கீச்சிட்டது. சரி. வாளியைத் தூக்கிக்கொண்டு நடைகூடத்துக்கு வந்தாள். அங்கேயும் கீச்சிட்டது. மாடிப்படி ஏறினாள், கூடவே ஏறிவந்து கீச்சிட்டது. சுவருக்குள் இருக்கும் விஷம் எப்படி இவள் பின்னாலேயே படியேறும்? பளபளா பாதிப் படியில் நின்றாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு நடைகூடக் கோடிவரை போய் ஜன்னலோரம் நின்றாள். கருவி அடங்கியது. திரும்பி வந்து வாளிமேல் குனிந்தாள். அலறியது.

ஒரு நிமிடம் அழுகை வந்தது, அடுத்த நிமிடமே அதைத் தள்ளிக்கொண்டு வேறொன்று வந்தது. செங்கலுக்குள் இருந்தால் இடித்தாலொழியத் தீராது. வாளிக்குள் இருந்தால் இவள் கையில் இருக்கிறது. அன்று நர்ஸம்மா வேறு பள்ளியில் இருந்தார். இரண்டு தெரு தள்ளித்தான். பளபளா வாளியும் கையுமாக ஓடினாள், பாதித் தண்ணீர் சாலைக்குப் போயிற்று.

"நர்ஸம்மா, விஷம் சுவத்துல இல்ல. என் வாளியில இருக்கு."

"உக்காருங்கக்கா, முதல்ல நீங்க மூச்சு விடுங்க" என்றார் நர்ஸம்மா. பிறகு கேட்டுவிட்டுச் சிரித்தார். "பாட்டில்ல மணக்கும்னுதான் போட்டிருக்கு, மூச்சுக்கு நல்லதுன்னு போடலையே. நீங்க என்ன பண்ணுவீங்க?"

அன்றிரவே புருஷனிடம் சொன்னாள். அவர் நம்புவதாயில்லை. மூன்று வாரம், பதினைந்து பள்ளி நாள், நீல பம்ப்புக்கு வேலையில்லாமல் போகட்டும், அப்புறம் பேசலாம் என்றார். நர்ஸம்மாவோ விரலை ஆட்டிச் சொல்லிவிட்டார்.

"பந்தயத்துல ஜெயிக்கணும்னு பம்ப்ப ஒளிச்சு வெச்சீங்க, அப்புறம் நான் உங்ககூடப் பேசவே மாட்டேன். திணறினா உடனே குடுத்துடணும்."

பெருக்குவதும் துடைப்பதும் பள்ளி விட்டபிறகு என்று மாறியது. துடைப்பத்துக்குப் பதில் ஈரத் துடைப்பான், மணமில்லாத சோப்புத் தண்ணீர். பெயின்ட் ஒட்டித் திறக்காமல் கிடந்த இரண்டு ஜன்னல்களைச் சமையலறைக் கத்தியால் கீறித் திறந்தாள். காலையில் அவை திறந்தபடியே பிள்ளைகளை வரவேற்றன, இடைவேளையிலும் திறந்தே இருந்தன. வம்பு வேறு பக்கத்திலிருந்து வந்தது. வாசனையே இல்லை, பளபளா துடைப்பதையே விட்டுவிட்டாள் போலிருக்கிறது என்று வகுப்பாசிரியை போட்டுக்கொடுக்க, எழுத்தர் விளக்கம் கேட்டார். பதினோரு வருடப் பெருமை ஒரு வாரத்தில் காற்றோடு போயிற்று. பளபளா எழுத்தர் முன்னால் வெள்ளைத் துணியால் தரையைத் தேய்த்து, அழுக்கில்லாத துணியை அவர் மேசைமேல் விரித்து வைத்துவிட்டு வந்தாள்.

ஒன்பதாம் நாள் எட்டாம் நம்பர் அறையிலிருந்து இருமல் கேட்டது. பளபளா எங்கிருந்தாள், எப்படி வந்தாள் என்று யாருக்கும் தெரியாது, நீல பம்ப்போடு வாசலில் நின்றாள். பந்தயமாவது ஒன்றாவது.

"தண்ணி புரையேறிடுச்சும்மா. நீ போ, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் விசில்.

மூச்சின் வேகத்தை அளக்க நர்ஸம்மா தந்திருந்த ஊதுகுழாயில் தினமும் காலையில் ஊதி நோட்டில் குறிப்பதை விசிலே எடுத்துக்கொண்டாள். நூற்றைம்பதில் தள்ளாடிய முள் நூற்றெண்பதுக்கு வந்தது, பிறகு இருநூறு. பதினைந்தாம் நாள் காலை இருநூற்றிருபது. விசில் அதைச் சுற்றி வட்டம் போட்டு, வட்டத்துக்கு இரண்டு காதும் வைத்தாள்.

அன்றுதான் அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை. ஒவ்வொரு பீரியடும் ஆமையாக நகர்ந்தது. மூன்றரைக்கு மணி அடித்தது. நீல பம்ப் பைக்குள் போட்டது போட்டபடி கிடந்தது. அலுவலக மேசைமேல் மாற்றுச் சான்றிதழ், கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அப்பா வாயால் வேண்டாமென்று கேட்டால் கிழித்துப்போடுவதாகத் தலைமையாசிரியை சொல்லியிருந்தார்.

பட்டறையில் போனைப் பெட்டிக்குள் பூட்டிவைத்துவிட்டுத்தான் வேலை செய்ய வேண்டும். நம் மூன்றரைக்கு அங்கே இடைவேளை தொடங்கும், நாலு மணிக்கு அவர் தலைமையாசிரியையைக் கூப்பிடுவதற்குள் நோட்டுக் கணக்கைச் சொல்லிவிட வேண்டும். பளபளா மாடிப்படிக்கு அடியில், நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எண்ணை அழுத்தினாள். மணி போயிற்று. எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினாள்.

ஜன்னல் வழியே மைதானம் தெரிந்தது. விசில் சிநேகிதிகளோடு ஓடிக்கொண்டிருந்தாள், இரண்டாவது சுற்று. சுவர்க்கடிகாரத்தில் மூன்று ஐம்பத்திரண்டு.

"எடுங்க, ஒரே ஒரு தடவை எடுங்க" என்று பளபளா போனிடம் சொன்னாள்.

விசில் மூன்றாவது சுற்றுக்குத் திரும்பினாள். மறுமுனையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது.